வேகமாக லெவல் ஏற எந்த பில்ட்? கேள்விகளும் பதில்களும்

கேரக்டர் பில்டுக்கும் (கேமில் நம் பாத்திரத்துக்கு எந்தத் திறமைகள், ஆயுதங்கள் என்று நாம் போடும் அமைப்பு) லெவல் ஏறும் வேகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பாதிக்கு மேல் டியாப்லோ 2 பற்றியவை. அது நான் அதிகம் ஆடிய கேம் என்பதால் அங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

எல்லாக் கேள்விக்கும் அடியில் ஒரே கணக்குதான் ஓடுகிறது: ஒரு மணி நேரத்தில் எவ்வளவு எக்ஸ்பி (லெவல் ஏறத் தேவையான அனுபவப் புள்ளி)? நாம் அடிக்கிற நேரம் அந்த மணியில் ஒரு பங்குதான். நடக்கிற நேரம், மானா (மந்திரம் போடச் செலவாகும் சக்தி) நிரம்பக் காத்திருக்கிற நேரம், செத்து எழுந்து வருகிற நேரம் எல்லாம் அதே மணிக்குள்தான் போகிறது. பில்ட் போடும்போது பெரும்பாலோர் டேமேஜ் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள்.

கேள்வி: அண்ணா, டியாப்லோ 2 ரிசரெக்டட் இப்பதான் ஆரம்பிச்சேன். சோர்சரெஸ், அதான் மந்திரக்காரி. பனிப்புயல் மந்திரம் பிளிஸர்ட் வெச்ச பில்ட்தான் பெஸ்ட்னு எல்லாரும் சொல்றாங்க. அது 24-வது லெவல்ல தான் வருது. அதுவரைக்கும் ஸ்கில் பாயின்ட்டை எல்லாம் செலவு பண்ணாம சேத்து வெக்கலாமா?

வேண்டாம் தம்பி. போட்ட பாயின்ட்டைத் திரும்ப எடுக்கவே முடியாது என்றிருந்த காலத்துப் பழக்கம் அது. 2010-இல் வந்த 1.13 பேட்ச்சுக்குப் பிறகு, முதல் ஆக்ட்டின் டென் ஆஃப் ஈவில் குவெஸ்ட்டை முடித்தால் ஊரில் இருக்கும் அக்காரா உங்கள் ஸ்கில் (திறமை), ஸ்டாட் (உடல்வலு போன்ற அடிப்படைக் குணங்கள்) பாயின்ட்டுகள் அத்தனையையும் திருப்பித் தருகிறாள். நார்மல், நைட்மேர், ஹெல் என்ற மூன்று கடினநிலைகளிலும் தலா ஒரு முறை. ஆகவே ஏறுவதற்கு ஒரு பில்ட், ஏறிய பிறகு வேறொரு பில்ட் என்று தைரியமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதற்கு நெருப்புதான். 6-வது லெவலில் ஸ்டாட்டிக் ஃபீல்டு கிடைக்கும். அதில் ஒரே ஒரு பாயின்ட். சுற்றியிருக்கும் எதிரிகளுக்கு அப்போது மிச்சமிருக்கும் உயிரில் 25 சதவீதத்தை ஒவ்வொரு முறையும் அது பிடுங்கும். நார்மலில் எவ்வளவு பெரிய பாஸாக இருந்தாலும் நாலைந்து தடவை விட்டால் உயிர் பாதிக்கும் கீழே வந்துவிடும். நைட்மேரில் 33 சதவீதத்துக்குக் கீழேயும், ஹெல்லில் 50 சதவீதத்துக்குக் கீழேயும் அது இறக்காது என்பதை நினைவில் வையுங்கள். 12-வது லெவலில் ஃபயர் பால் வந்ததும் மற்ற பாயின்ட்டுகளை அதிலேயே கொட்டுங்கள். இரண்டு சாக்கெட் (ரூன் கல் பதிக்கும் துளை) உள்ள சாதா ஸ்டாஃப் ஒன்றில் டிர், ரால் ரூன்களை இதே வரிசையில் பதித்தால் ‘லீஃப்’ என்ற ஆயுதம் ஆகிவிடும். 19-வது லெவலில் கையில் பிடிக்கலாம், நெருப்பு ஸ்கில்கள் எல்லாவற்றுக்கும் +3.

இதைவிட முக்கியமானது 18-வது லெவலில் வரும் டெலிபோர்ட், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் மந்திரம். அதற்கு முன்தேவையான டெலிகினஸிஸுக்கு ஒரு பாயின்ட், இதற்கு ஒன்று, அவ்வளவுதான் செலவு. மூன்றாவது ஆக்ட்டில் டியூரன்ஸ் ஆஃப் ஹேட் இரண்டாம் தளத்தைப் பாருங்கள். அந்த ஆக்ட்டின் பாஸ் மெஃபிஸ்டோவிடம் இறங்கும் படி ஒவ்வொரு முறையும் வேறு மூலையில் இருக்கும். காலால் நடக்கிற பாலடின் போன்ற வீரன் ஒவ்வொரு தாழ்வாரமாகப் புகுந்து, முட்டுச்சந்தில் மோதி, வழியில் நிற்கும் கும்பலை வெட்டித் தள்ளிக்கொண்டு வரவேண்டும். சோர்சரெஸ் சுவரைத் தாண்டித் தாண்டிப் போய்விடுவாள். டேமேஜ் ஒரு புள்ளிகூட ஏறாமல் வேகம் மட்டும் ஏறுவது இப்படித்தான். ஒரு தாவலுக்கு 24 மானா என்பதால் பெல்ட்டில் ஒரு வரிசை நீல பாட்டில் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: அப்போ மானா பத்தலைன்னு ஒவ்வொரு லெவலுக்கும் வர்ற ஸ்டாட் பாயின்ட் அஞ்சையும் எனர்ஜியிலயே போட்டுட்டு வர்றேன். சரியா?

சரியில்லை. சோர்சரெஸுக்கு ஒரு எனர்ஜி பாயின்ட் 2 மானா தரும், ஒரு வைட்டாலிட்டி பாயின்ட் 2 உயிர் தரும். பார்க்கச் சமம் போலத் தோன்றும். ஆனால் மானா தீர்ந்தால் ஒரு பாட்டில் குடிக்கும் நேரம்தான் நஷ்டம். உயிர் தீர்ந்தால் நைட்மேரில் அந்த லெவலுக்கான எக்ஸ்பியில் 5 சதவீதம் போகும், ஹெல்லில் 10 சதவீதம். ஓடிப் போய்ப் பிணத்தை எடுத்தால் பெரும்பகுதி திரும்பும் என்றாலும், உங்களைக் கொன்ற கும்பல் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருக்கும்.

கியர் (ஆயுதம், கவசம்) மாட்டத் தேவையான அளவு ஸ்ட்ரென்த், மீதி வைட்டாலிட்டி. மானாவுக்கு வழி வேறு: இரண்டாவது ஆக்ட் கூலிவீரனிடம் நான்கு சாக்கெட் உள்ள போல்ஆர்ம் (நீண்ட காம்புள்ள ஆயுதம்) ஒன்றைக் கொடுத்து அதில் ரால், டிர், டால், சோல் பதியுங்கள். அதுதான் ‘இன்சைட்’. அவன் பக்கத்தில் நிற்கும்வரை மெடிடேஷன் ஆரா (ஒருவரைச் சுற்றிச் செயல்படும் ஒளிவட்டம்) உங்கள் மானாவை நிரப்பிக்கொண்டே இருக்கும். அவன் செத்துவிட்டால் முதல் வேலையாக ஊருக்குப் போய் எழுப்பிக் கூட்டி வாருங்கள்.

கேள்வி: ஆஃப்லைன்ல ஆடறேன் ப்ரோ. ‘பிளேயர்ஸ் 8’ கமாண்ட் போட்டா எக்ஸ்பி எகிறும்னு சொன்னாங்க. போட்டா எனக்கு என்னவோ ஸ்லோவாதான் இருக்கு. ஏன்?

இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எட்டுப் பேர் ஆடுவதுபோல் கேமைக் கடினமாக்கும் கமாண்ட் அது. பிளேயர்ஸ் 8-இல் மான்ஸ்டர் தரும் எக்ஸ்பி நாலரை மடங்கு. அதன் உயிரும் நாலரை மடங்கு. இரண்டும் ஒரே அளவில் ஏறுவதால் லாபமா நஷ்டமா என்பதை உங்கள் பில்ட்தான் தீர்மானிக்கிறது.

உங்கள் ஃபயர் பால் ஒரே அடியில் கும்பலைச் சாய்த்து, அடுத்த கும்பலைத் தேடி நடப்பதில்தான் நேரம் போகிறதா? கமாண்டைக் கூட்டுங்கள்; நடக்கிற தூரம் அதேதான், கிடைப்பது பல மடங்கு. மாறாக ஒவ்வொரு கும்பலிடமும் ஏற்கெனவே நின்று நின்று அடித்துக்கொண்டிருந்தால் கூட்டுவதில் பயனில்லை. அடிக்கிற நேரம் நாலரை மடங்காகும், பாட்டில் தீரும், ஊருக்குப் போய் வருவீர்கள், சாவும் வரும். 3 அல்லது 5-இல் வைத்துப் பாருங்கள். கும்பல் விழும் வேகம் தடைபடாத உச்ச எண் எதுவோ அதுதான் உங்கள் பில்டுக்கான எண். கியர் மாறும்போதெல்லாம் அந்த எண்ணும் மாறும்.

கேள்வி: டியாப்லோ 2-ல 90 லெவல் வரை ஜோரா வந்தது. இப்போ அதே பில்ட், அதே இடம், நகரவே மாட்டேங்குது.

உங்கள் பில்ட் கெட்டுப்போகவில்லை. கேம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. 70-வது லெவலிலிருந்தே கிடைக்கும் எக்ஸ்பியில் ஒரு பங்கு வெட்டப்படுகிறது. 98-வது லெவலில் கையில் வருவது 0.59 சதவீதம்தான். 99-ஐத் தொட மொத்தம் 352,04,85,254 எக்ஸ்பி வேண்டும். அதோடு, நம் லெவலைவிட ரொம்பக் கீழே இருக்கும் மான்ஸ்டர்கள் பெயருக்குத்தான் எக்ஸ்பி தரும். அதனால்தான் கடைசியில் எல்லோரும் உயர்லெவல் மான்ஸ்டர்கள் இருக்கும் கேயாஸ் சாங்ச்சுவரி, பால் (Baal) என்ற பாஸைத் திரும்பத் திரும்ப அடிக்கும் பால் ரன் என்று வந்து நிற்கிறார்கள்.

இங்கே ஒரே வகை டேமேஜை நம்பிய பில்டுகள் திணறும். பிளிஸர்ட் சோர்சரெஸ் குளிர் ஏறாத மான்ஸ்டரைக் கண்டால் விலகித்தான் போகவேண்டும். பிளெஸ்டு ஹேமர் பாலடின் அப்படியில்லை. அவன் அடிப்பது மேஜிக் டேமேஜ். அதை முழுதாகத் தடுக்கிறவை ஹெல்லில் மிகக் குறைவு. கான்சென்ட்ரேஷன் ஆராவைப் போட்டுக்கொண்டு சுழற்றினால் போதும். பாலடின்களுக்கு இன்னொரு குறிப்பு: நார்மலில் 6-வது லெவலில் வரும் ஹோலி ஃபயர் ஆராவை நம்பி ஏறுங்கள். பிளெஸ்டு ஹேமர் 18-இல் வந்தாலும், சினர்ஜிகள் (துணை ஸ்கில்கள்) நிறையும் வரை அதற்கு வலு வராது.

கேள்வி: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்ல வாரியர் ஆடறேன். கூட ஆரம்பிச்ச ஹன்டர் நண்பன் எனக்கு எட்டு லெவல் மேல இருக்கான். நான் ஆடறது தப்பா?

நீங்கள் ஆடுவதில் தப்பில்லை. தனியாக லெவல் ஏற்றுவதற்கு வாரியர் கடினமான கிளாஸ். ஹன்டருக்கு 10-வது லெவலில் செல்லப்பிராணி வந்துவிடுகிறது. அடியை அது வாங்கும், அவர் தூரத்திலிருந்து சுடுவார், உயிர் இறங்காமலேயே அடுத்ததற்குப் போவார். வாரியர் அடி வாங்கியே ஆகவேண்டும், தன்னைக் குணப்படுத்திக்கொள்ள வழியில்லை, ஒவ்வொரு இரண்டு மூன்று சண்டைக்கும் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். வாரியருக்கு ஆயுதம்தான் பில்ட். கவசத்தைப் பிறகு பார்க்கலாம். நல்ல இரண்டு கை ஆயுதம் தரும் குவெஸ்ட், டஞ்சன் எது என்று பார்த்து அதை முதலில் முடியுங்கள். உங்களைவிட இரண்டு லெவல் கீழே இருப்பவற்றை அடியுங்கள்.

மேல் லெவல் மான்ஸ்டரை அடித்தால் எக்ஸ்பி அதிகம் என்று மேஜ்களும் (மந்திரவாதிகள்) ஆசைப்படுகிறார்கள். சம லெவல் எதிரியிடம் உங்கள் மந்திரம் 96 சதவீதம் படும். இரண்டு லெவல் மேலே 94. மூன்று லெவல் மேலே போனால் சட்டென்று 83. கும்பலாக இழுத்து ஃப்ராஸ்ட் நோவாவில் உறையவைத்து பிளிஸர்ட் பொழிகிற மேஜுக்கு அதில் ஒன்று உறையாமல் தப்பினாலே உயிருக்கு உலை.

ப்ரீஸ்ட் ஆடும் ஒருவரும் கேட்டிருந்தார். முதல் ஐந்து டேலண்ட் பாயின்ட்டும் ஸ்பிரிட் டேப்பில். மந்திரம் செலவழித்த பிறகு ஐந்து விநாடிக்கு ஸ்பிரிட் என்ற ஸ்டாட்டிலிருந்து மானா ஊறாது. ஆகவே முதலில் மந்திரம், எதிரியின் கடைசிப் பகுதி உயிரை வாண்டால் (மந்திரக்கோல்) சுட்டு முடியுங்கள். கொன்றதும் ஸ்பிரிட் டேப் எழும், மானா தானாக ஏறும். தண்ணீர் குடிக்க உட்காரும் நேரம் பாதியாகும்.

கேள்வி: ஒப்லிவியன் பழைய வெர்ஷன். லெவல் ஏற ஏற நான் வீக் ஆகற மாதிரி இருக்கே?

மாதிரி இல்லை, உண்மையிலேயே அப்படித்தான். 2006-இல் வந்த அந்த கேமில் நாம் தேர்ந்தெடுக்கும் ஏழு மேஜர் (முதன்மை) ஸ்கில்களில் மொத்தம் பத்து முறை ஏறினால் ஒரு லெவல். தூங்கி எழுந்து மூன்று ஆட்ரிபியூட்டுகளை (வலு, வேகம் போன்ற குணங்கள்) கூட்டலாம். எவ்வளவு கூடும் என்பது, அந்த லெவலில் அந்த ஆட்ரிபியூட்டுக்குரிய ஸ்கில்கள் எத்தனை முறை ஏறின என்பதைப் பொறுத்தது: பத்து முறை ஏறியிருந்தால் +5, ஒன்றிரண்டு என்றால் +2. எதிரிகளோ உங்கள் லெவலைப் பார்த்து வலுவாகிறார்கள்.

அத்லெடிக்ஸையும் அக்ரோபாட்டிக்ஸையும் மேஜராக வைத்தால் ஓடியும் குதித்துமே லெவல் ஏறிவிடும். வாள் பிடிக்கும் கை அப்படியே இருக்கும். இங்கே மெதுவாக ஏறுவதுதான் நல்ல பில்ட். அடிக்கடி தானாக ஏறும் ஸ்கில்களை மைனரில் தள்ளுங்கள், எப்போது ஏறவேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கும். 2025-இல் வந்த ரீமாஸ்டர்டில் ஒவ்வொரு லெவலுக்கும் 12 புள்ளிகளை நாமே பங்கிடலாம் என்று மாற்றிவிட்டார்கள். நல்ல மாற்றம்.

ஸ்கைரிமிலும் இதன் சாயல் உண்டு. ஸ்மித்திங் (கொல்லு வேலை), ஸ்பீச் (பேச்சு) இரண்டையும் வைத்தே லெவல் ஏற்றிவிட்டு வெளியே போனால், உங்கள் லெவலுக்கேற்ற எதிரிகள் காத்திருப்பார்கள்.

கேள்வி: பால்டர்ஸ் கேட் 3-ல சீக்கிரம் லெவல் ஏற எந்த கிளாஸ் எடுக்கறது?

எதையும் எடுங்கள். எக்ஸ்பி பார்ட்டி முழுவதற்கும் ஒன்றாக ஏறுகிறது, உச்சம் 12. மல்டிகிளாஸ் (ஒன்றுக்கு மேற்பட்ட கிளாஸைக் கலப்பது) செய்வதாக இருந்தால் மட்டும், ஃபைட்டர் போன்றவர்களுக்கு 5-வது லெவலில் வரும் எக்ஸ்ட்ரா அட்டாக்கை வாங்கிவிட்டு அப்புறம் பிரியுங்கள்.

1998-இன் முதல் பால்டர்ஸ் கேட் வேறு. அங்கே இரண்டாம் லெவலுக்குத் திருடனுக்கு 1,250 எக்ஸ்பி போதும், ஃபைட்டருக்கு 2,000, மேஜுக்கு 2,500. மல்டிகிளாஸ் என்றால் வந்த எக்ஸ்பியைப் பங்கு போடவேண்டும்.

கேள்வி: அண்ணா, நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து டியாப்லோ 2 ஆடறோம். அவர் பார்பேரியன், நான் நெக்ரோமான்சர். தனித்தனியா ஏறி அப்புறம் சேர்றது நல்லதா, இல்ல ஒண்ணாவே ஏறலாமா?

ஒன்றாகவே ஏறுங்கள். இருவர் ஆடும்போது மான்ஸ்டர் உயிரும் எக்ஸ்பியும் ஒன்றரை மடங்கு. பார்ட்டியில் பக்கத்தில் இருந்தால் அதன்மேல் இன்னும் சுமார் 35 சதவீதம் கூடும். பங்கு பிரித்த பிறகு ஒவ்வொருவருக்கும் தனியே ஆடியிருந்தால் கிடைத்திருக்கும் அளவு ஏறத்தாழ வந்துவிடும். உயிர் ஒன்றரை மடங்கு, அடிக்கிறவர்களோ இரண்டு பேர். அந்த வித்தியாசம்தான் உங்கள் லாபம். பங்கு லெவலின் விகிதத்தில் பிரிவதால் ஒருவர் மட்டும் தனியாக முன்னே ஓடிவிட வேண்டாம்.

உங்கள் இருவரின் பில்டும் நன்றாகப் பொருந்தக்கூடியது. நீங்கள் ஆம்ப்ளிஃபை டேமேஜ் சாபத்தைப் போட்டுவிட்டால் சாதாரண எதிரிகளிடம் அவர் அடி இரட்டிப்பாக இறங்கும். அவருக்கு 24-இல் பேட்டில் ஆர்டர்ஸ் முழக்கம் வந்ததும் உங்கள் உயிரும் கூடும். அவர் முதல் பிணத்தை விழவைத்தால் நீங்கள் பிணத்தை வெடிக்கவைக்கும் கார்ப்ஸ் எக்ஸ்ப்ளோஷனில் மீதியை முடிக்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே பேசிவையுங்கள்: பொருள் தேடுவதற்காக அவர் ஃபைண்ட் ஐட்டம் ஸ்கில்லைப் போட்ட பிணம் அதோடு சரி, உங்களுக்கு உதவாது. சாம்பியன், யூனிக் என்ற வலுவான மான்ஸ்டர்களின் பிணங்கள் அவருக்கு, மற்றதெல்லாம் உங்களுக்கு.