இருபது வருடம் பதிவேட்டில் எழுதிய கை கணினிக்கு எப்படிப் பழகும்?

கேள்வி: "திருகோணமலையில் அரச கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர் வேலை. வயது 51. அடுத்த மாதம் எல்லாப் பதிவேடும் கணினிக்குப் போகிறது. நினைத்தாலே எரிச்சல். 'பொசிட்டிவாக யோசியுங்கள்' என்கிறார்கள், முடியவில்லை. மாற்றத்தை ஏற்கும் மனநிலையை எப்படி வளர்ப்பது?"

முதலில் அந்தப் 'பொசிட்டிவ்' கதையை ஒரு பக்கம் வையுங்கள். ஜெர்மன் உளவியலாளர் கபிரியேலே ஓட்டிங்கன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி கற்பனை பண்ணி மகிழ்ந்த பட்டதாரிகளுக்கு இரண்டு வருடம் கழித்து வந்த வேலைகளும் குறைவு, சம்பளமும் குறைவு. கற்பனையிலேயே மனம் நிறைந்துவிட்டால் கை அசையாது. உளவியலை மட்டந்தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், நான் சொல்வதும் உளவியல்தான்.

எரிச்சலை அடக்காமல் பிரித்துப் பாருங்கள். கொப்பித் தாளில் இரண்டு நிரல் போடுங்கள். இடப்பக்கம் உண்மையிலேயே கைவிட்டுப் போவது, வலப்பக்கம் போய்விடுமோ என்று பயப்படுவது. "பழைய கோவை எங்கே என்று இனி என்னை ஒருவரும் கேட்கமாட்டார்கள்" என்பது இடப்பக்கம். உங்கள் வயதில் பெரும்பாலும் உறுத்துவது இந்த மதிப்பிழப்புத்தான், விசைப்பலகை இல்லை. "பொத்தான் மாறினால் முழுப் பதிவும் அழிந்துவிடும்" என்பது வலப்பக்கம். மாதிரிப் பதிவு ஒன்றை வேண்டுமென்றே பிழையாக்கிப் பார்த்தால் அரை மணித்தியாலத்தில் அந்தப் பயம் தெளியும்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு யாராவது பழைய பாதைப் படகைத் திரும்பக் கேட்டார்களா என்று உங்களை மடக்கப் பார்ப்பவர்கள் இருப்பார்கள். பாலத்தால் வந்த வசதி கடக்கிற எல்லாருக்கும் முதல் நாளே தெரிந்தது. உங்கள் விஷயத்தில் ஆதாயம் முதலில் கந்தோருக்கு, சிரமம் முதலில் உங்களுக்கு. தயங்குவது குணக்கேடு இல்லை.

இனி கைவேலை. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் படிக்காமல் ஒரு வேலையை, வரும் கடிதங்களைப் பதிவதை மட்டும், எடுங்கள். சனம் வர முதல் காலையில் 20 நிமிடம் போதும். படிமுறையை உங்கள் கையெழுத்தில், தமிழில், ஓர் அட்டையில் ஏழு வரிக்கு மேற்படாமல் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அச்சடித்த கைநூல் இதற்கு உதவாது, எழுதும்போதுதான் ஒழுங்கு மனதில் பதியும். பக்கத்து மேசைப் பொடியனிடம் கேட்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை: "தம்பி, மௌசைத் தொடாமல் வாயால் சொல்லுங்கோ." அவர் மௌசை வாங்கிப் பத்து விநாடியில் முடித்துத் தந்தால் வேலை முடியும், நீங்கள் படித்தது ஒன்றுமில்லை, கூச்சம் மட்டும் மிஞ்சும். பலபேர் விட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கிய 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்' முறையையும் சேருங்கள். "திரை நின்றுவிட்டால், எழும்பிப் போகாமல் அட்டையின் முதல் வரியில் இருந்து தொடங்குவேன்." முன்கூட்டியே எழுதி வைத்தால் பதற்றத்தில் யோசிக்கத் தேவையில்லை.

தாளிலும் கணினியிலும் இரண்டு தரம் எழுதுவது முதல் மாதம் சரிபார்க்க உதவும். நிறுத்தும் திகதியை இப்போதே குறியுங்கள், இல்லாவிட்டால் வேலை இரட்டிப்பாகிப் பழி கணினியில் விழும்.

மூன்றாம் கிழமை வேகம் குறைந்தால் பயப்படாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீர் குடிப்பது போன்ற சின்னப் பழக்கங்களே படிய 18 முதல் 254 நாள் வரை எடுக்கும் என்று கணித்தார்கள். நடு அளவு 66. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை.

மற்றவற்றை மாற்றாதீர்கள். சோளகக் காற்றுக் காலத்தில் நீர்கொழும்புப் பக்கமிருந்து இங்கே வாடி போட வருகிற மீனவர்கள் இடத்தைத்தான் மாற்றுகிறார்கள், தொழிலை இல்லை. நீங்களும் அதே பஸ், அதே தேத்தண்ணி நேரம் என்று வையுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் இந்த முறைகள் போதாது, வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926.

கடைசியாக ஒன்று, கேள்விக்கு வெளியேதான். உங்கள் பட்டியலில் "திரையில் தமிழ் இல்லை" என்று இருந்தால் அதை மனநிலையில் சேர்க்காதீர்கள். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ், அரச பதிவேடுகள் தமிழில் பேணப்பட வேண்டும் என்பது 1988இன் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு "மாற்றத்துக்கு எதிரானவர்" என்று முத்திரை குத்துவது எங்கள் பக்கத்தில் வழமையாகிவிட்டது. வாயால் முறையிடாமல் எழுத்தில் கொடுங்கள்: எந்தத் திரை, எந்தச் சொல் விளங்கவில்லை, அதனால் என்ன பிழை வருகிறது. பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்கி வையுங்கள்.