எல்டர் ஸ்க்ரோல்ஸ் புத்தகங்கள்: கேள்வி பதில்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வீடியோ கேம் தொடரின் மோரோவிண்ட் (2002), ஸ்கைரிம் (2011) இரண்டிலும் கிடைக்கிற புத்தகங்கள், நாட்குறிப்புகள், கடிதங்கள் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். மாட் (ரசிகர்கள் செய்யும் மாற்றக் கோப்பு) போட்டு மாற்றிய விளையாட்டுக்கு என் பதில் பொருந்தாமல் போகலாம். நான் சொல்வதெல்லாம் மாட் இல்லாத விளையாட்டுக்கு.

சுமைதாங்கி: அண்ணா, ஸ்கைரிம்ல கண்ணுல படுற புத்தகத்தையெல்லாம் அள்ளிடறேன். பை ரொம்பி ஓட முடியல. எதைத் தூக்கிப் போடலாம்?

எதையும் போட வேண்டாம், வைக்கிற இடத்தை மாற்றுங்கள். புத்தகங்களில் பெரும்பாலானவற்றின் எடை 1. கடிதம், குறிப்புத் தாள் போன்றவற்றுக்கு எடையே இல்லை, அவை பையிலேயே கிடக்கட்டும். மந்திரம் கற்றுத்தரும் நூல்கள் படித்ததும் மறைந்துவிடும். ஏற்கெனவே தெரிந்த மந்திரத்தின் நூல் என்றால் படித்தாலும் அப்படியே இருக்கும், அதை விற்றுவிடுங்கள்.

மீதி எல்லாம் சொந்த வீட்டுக்குப் போக வேண்டும். வைட்ரன் நகரில் உள்ள ப்ரீஸ்ஹோம் வீடு 5,000 பொற்காசு. சத்திரத்து அலமாரி, குகையில் கண்ட பெட்டி எதையும் நம்பாதீர்கள். விளையாட்டுக் கணக்கில் 10 நாளில் அந்த இடம் பழைய நிலைக்குத் திரும்பும், முழுதாக எதிரிகளை ஒழித்த குகை என்றால் 30 நாள். அப்போது நீங்கள் வைத்தது போய்விடும். புத்தக அலமாரியில் வைக்கும்போது அலமாரியையே தேர்ந்து, வருகிற பட்டியல் வழியாக மாற்றுங்கள். பையிலிருந்து கீழே போட்டு, கையால் தூக்கி அடுக்கினால் அடுத்த முறை வீட்டுக்குள் நுழையும்போது தரையெல்லாம் சிதறிக் கிடக்கும்.

ரிவர்வுட்வாசி: ஸ்கில் புத்தகம் என்று தனியாக இருக்கிறதாமே? கண்டவுடன் படித்துவிடலாமா?

படிக்காதீர்கள்! இன்றைக்கு இந்த ஒரு விஷயம் மட்டும் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தால் போதும்.

ஸ்கைரிமில் 18 ஸ்கில்கள், அதாவது திறன்கள். ஒவ்வொன்றுக்கும் 5 தலைப்புகள், ஆக 90 ஸ்கில் புத்தகங்கள். ஒரு தலைப்பை முதல் முறை திறக்கும்போது அந்த ஸ்கில் ஒரு புள்ளி ஏறும். அதே தலைப்பின் இன்னொரு பிரதி எங்கே கிடைத்தாலும் பயனில்லை. ஸ்கில் 20-இல் இருக்கும்போது ஒரு புள்ளி ஏற்றுவது சுலபம். 90-க்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறைய உழைக்க வேண்டும். காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளலாம் என்றால், எந்த ஆசிரியரும் 90-க்கு மேல் கற்றுத்தர மாட்டார்.

இப்போது டிராகன்பார்ன் டிஎல்சியை (விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் பகுதி) சேர்த்துப் பாருங்கள். அதில் 7 கருப்புப் புத்தகங்கள், திறந்தால் வேறோர் உலகத்துக்குள் இழுத்துக்கொள்பவை. அவற்றில் 'தி விண்ட்ஸ் ஆஃப் சேஞ்ச்' தருகிற மூன்று வரங்களில் ஒன்று 'ஸ்காலர்ஸ் இன்சைட்'. அதைப் பெற்ற பிறகு ஒவ்வொரு ஸ்கில் புத்தகமும் ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி தரும். 5 புத்தகம், 10 புள்ளி. ஆசிரியரிடம் 90 வரை, புத்தகத்தில் 100 வரை. கணக்கு கச்சிதமாக முடிகிறது.

போகும் வழி: விண்ட்ஹெல்ம் துறைமுகத்தில் கப்பல் பிடித்து ரேவன் ராக் ஊருக்குப் போங்கள். அங்கே க்ரேஸியஸ் கெரலியஸ் என்ற கிழவர் மனைவியோடு சுரங்கத்தைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டிருப்பார். அவரிடம் பேசினால் சுரங்கத்துக்குள் இறங்கும் குவெஸ்ட் (பணி) தொடங்கும். உள்ளே ப்ளட்ஸ்கல் பேரோ என்ற பழைய கல்லறை. அங்கே கிடைக்கிற ப்ளட்ஸ்கல் வாளை எடுக்காமல் அதற்கு மேல் போக முடியாது. அடைபட்ட கதவில் தெரியும் ஒளிக்கோடு கிடையாக இருந்தால் கிடையாகவும், செங்குத்தாக இருந்தால் செங்குத்தாகவும் அந்த வாளால் பவர் அட்டாக் (பட்டனை அழுத்திப் பிடித்து ஓங்கி வெட்டுவது) செய்ய வேண்டும். பலர் சாதாரண வீச்சு வீசிவிட்டு கதவு கெட்டுவிட்டது என்று திரும்பிவிடுகிறார்கள். அதற்கப்புறம் ஸாக்ரீசோஸ் என்ற டிராகன் பூசாரி. அவனை வீழ்த்தினால் புத்தகம் உங்களுடையது. வேறு வரத்தை ஏற்கெனவே எடுத்திருந்தாலும் பரவாயில்லை, அதே கருப்புப் புத்தகத்தை மறுபடி படித்து உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம்.

ரிவர்வுட்வாசி: சரி, ஆனால் மேசைமேல் இருக்கும் புத்தகத்தைத் தொட்டாலே திறந்துகொள்கிறதே?

ஆமாம், சிக்கலே அங்கேதான். வெளியே கிடக்கும் புத்தகத்தை எடுக்கப் போனால் முதலில் பக்கம் விரியும். விரிந்தாலே படித்த கணக்கு. அதனால் கூட வரும் ஃபாலோயரை எடுக்கச் சொல்லுங்கள். அவரைப் பார்த்து பட்டனை அழுத்திப் பிடித்தால் ஏவல் நிலைக்கு வருவார், பிறகு புத்தகத்தைச் சுட்டுங்கள். அவர் பைக்குப் போனதும் நீங்கள் வாங்கிக்கொண்டால் திறக்காமலே கைக்கு வரும். பெட்டிக்குள் இருப்பது, கடையில் வாங்குவது இரண்டும் நேராகப் பைக்குப் போவதால் தொந்தரவில்லை. ஆனால் பைக்குள் வைத்துத் திறந்தாலும் படித்த கணக்குதான். வீட்டில் தனிப்பெட்டி ஒன்று வைத்து அதில் போட்டுவிடுங்கள்.

பனிக்கரடி: எது ஸ்கில் புத்தகம்னு அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. அடையாளம் எதுவும் இல்லை. 90 தலைப்புகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வந்தி: ஆக்மா இன்ஃபினியத்தை எப்போது படிக்கலாம்?

இது ஸ்கில்களை ஏற்றும் தனிப் புத்தகம், 90-இல் சேராது. போர், களவு, மாயம் என்று மூன்று வழி காட்டும். ஒன்றைத் தேர்ந்தால் அதன் 6 ஸ்கில்களும் 5 புள்ளி ஏறும், ஆக 30 புள்ளி. தேர்ந்த பின் புத்தகம் போய்விடும். அலமாரியில் வைத்து மீண்டும் மீண்டும் படித்த பழைய தந்திரத்தை 1.9 பேட்சில் (திருத்தப் பதிப்பில்) அடைத்துவிட்டார்கள், அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 100-இல் நிற்கிற ஸ்கில்லுக்கு அந்த 5 புள்ளி வீண். 95-ஐத் தாண்டாத ஸ்கில்கள் அதிகமுள்ள வழியைத் தேர்ந்தெடுங்கள். செப்டிமஸ் சிக்னஸ் என்பவர் தரும் குவெஸ்டில்தான் இந்தப் புத்தகம் கிடைக்கும், அதை லெவல் 15-க்கு முன் முடிக்க முடியாது.

கெரால்ட்_பித்தன்: விட்சர் 3 புத்தகங்களைப் பற்றியும் சொல்லுங்களேன்.

இங்கே வேண்டாம். அந்த விளையாட்டை ஆழமாக ஆடியவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள்.

அகமுடிச்சு: நெரவார் எப்படிச் செத்தான்? மோரோவிண்டில் ஒரு புத்தகம் ஒன்று சொல்கிறது, இன்னொன்று வேறு சொல்கிறது. எழுதினவர்கள் குழப்பிவிட்டார்களா?

குழப்பவில்லை, வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். நெரவார் என்பவன் மோரோவிண்ட் மக்களின் பழம்பெரும் தலைவன். இந்தத் தொடரின் புத்தகங்களில் எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான்.

'தி பேட்டில் ஆஃப் ரெட் மவுண்டன்' என்பது விவெக்கின் வாய்மொழி. விவெக் நெரவாரின் ஆலோசகராக இருந்து பிறகு தெய்வமானவர். கேட்பவர், விவெக்கை வணங்கும் கோயிலை எதிர்த்த பூசாரி. அதாவது குற்றம் சாட்டப்பட்டவரே கொடுக்கும் வாக்குமூலம். அதில் நெரவார் போரில் பட்ட காயத்தால் இறக்கிறான். 'நெரவார் அட் ரெட் மவுண்டன்' என்பது சாம்பல்நாட்டு நாடோடிகளின் மரபுக் கதை. நெரவாரின் மெய்க்காவல் தோழன் அலாண்ட்ரோ சுல் வழி வந்ததாக அவர்கள் சொல்கிறார்கள். அதில் நெரவாரைக் கொன்றவர்கள் அவனுடைய ஆலோசகர்களே. இந்த நூலைக் கோயில் தன் மறை ஏடுகளுக்குள் பூட்டி வைத்திருந்தது. பொய் என்று நினைத்திருந்தால் எரித்திருக்கலாமே?

மூன்றாவது சாட்சிதான் முக்கியம். விவெக் தன்னைப் புகழ்ந்து தானே எழுதிய '36 லெசன்ஸ்'. அதில் 29-ஆம் பாடத்தில் வரிசையாக எண்கள் வரும். முதல் நான்கு 1, 68, 112, 242. முதல் பாடத்தின் 1-ஆம் சொல், இரண்டாம் பாடத்தின் 68-ஆம் சொல், மூன்றாம் பாடத்தின் 112-ஆம் சொல் என்று எடுத்துக் கோத்துக்கொண்டே போங்கள். 'அவன் தெய்வமாகப் பிறக்கவில்லை' என்று தொடங்கி, தன் விருப்பத்தோடுதான் இந்த வழியைத் தேர்ந்தான், தெய்வத்தன்மையைத் திருடினான், ஹார்டேட்டரைக் கொன்றான் என்று போய், 'விவெக் இதை எழுதினான்' என்று முடியும். ஹார்டேட்டர் என்பது நெரவார். 36-ஆம் பாடத்தின் பத்திகளின் முதல் எழுத்துகளை மட்டும் சேர்த்தால் ஆங்கிலத்தில் 'ஃபவுல் மர்டர்' என்று வரும். கொடிய கொலை.

எண்ணிப் பார்ப்பவர்களுக்கு: தலைப்பைச் சேர்க்காதீர்கள். நடுவில் கோடு போட்ட சொற்களை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பதில்தான் கணக்கு பிசகும். வாக்கியத்தில் ஒட்டாத சொல் வந்தால் முன்னும் பின்னும் ஒரு சொல் பாருங்கள்.

கோயில்_காவலன்: இதை ஏற்க முடியாது. ஒளித்து வைத்த வரி என்பது எழுத்தாளரின் விளையாட்டு. விவெக்கை நேரில் கேட்டால் மறுக்கிறார். நேரில் சொல்வதுதான் கணக்கு.

நேரில் மறுக்கிறவரும் ஒளித்து எழுதினவரும் ஒருவர்தானே? கோயில் வணங்கும் தெய்வமாக அவர் ஊருக்குச் சொல்ல வேண்டிய கதை ஒன்று, எண்ணிப் பார்க்கிற பொறுமை உள்ளவருக்கு விட்டுவைத்த கதை ஒன்று. அந்த வரிகள் விளையாட்டுக்கு வெளியே இல்லை, அவர் எழுதிய நூலுக்குள்ளேயே இருக்கின்றன.

கோயில்_காவலன்: அப்படியானால் ஒப்புக்கொண்டதே பொய்யாக இருக்கலாம் இல்லையா?

இருக்கலாம், நியாயமான கேள்வி. அந்த 36 பாடங்களிலும் மிகையும் பெருமையும் நிறைய. ஆனால் பெருமைக்காகப் பொய் சொல்பவர் தனக்குக் களங்கம் தரும் பொய்யை ஏன் சொல்ல வேண்டும்? அதுவும் எதிரி தரப்பின் மரபுக் கதையோடு ஒத்துப்போகிற பொய்யை? அதனால் நான் கொலை என்ற பக்கம் நிற்கிறேன். நீங்கள் எதிர்ப்பக்கம் நின்றால் அதற்கும் நூலிலிருந்தே வாதம் கொண்டுவர வேண்டும். எழுதியது யார், யாருக்காக, எழுதியதால் அவருக்கு என்ன லாபம், இந்த மூன்றையும் கேட்காமல் எந்தப் புத்தகத்தையும் சாட்சியாக வைக்காதீர்கள்.

அகமுடிச்சு: ஸ்கைரிமில் இப்படி ஏதாவது?

'தி பேர் ஆஃப் மார்கார்த்' படியுங்கள். கிளர்ச்சித் தலைவன் உல்ஃப்ரிக் மார்கார்த் நகரில் செய்த கொடுமைகளைச் சொல்வது, எழுதியவர் பேரரசு சார்ந்த அறிஞர். அதற்குப் பக்கத்தில், பேரரசின் எதிரிகளான எல்ஃப் அமைப்பு தால்மோரின் தூதரகத்தில் தூதர் எலன்வென்னின் அறைப் பெட்டியில் கிடைக்கும் உல்ஃப்ரிக் கோப்பை வையுங்கள். ஊருக்காக எழுதாத ரகசியக் கோப்பு என்பதால் அதற்கு எடை அதிகம். உல்ஃப்ரிக் தோற்பதல்ல, உள்நாட்டுப் போர் நீள்வதே தால்மோருக்குத் தேவை என்பது அதில் தெரியும். முதன்மைக் கதையின் குவெஸ்டில் தூதரகத்துக்குப் போகும்போதே எடுத்துவிடுங்கள், பிறகு உள்ளே நுழைவது பெரும்பாடு. தால்மோர் தேடும் டெல்ஃபின், எஸ்பர்ன் பற்றிய கோப்புகளும் அந்தத் தூதரகத்தில்தான்.

வைட்ரன்_மாமா: ஸ்கில் புத்தகத்தைக் கண்டதும் படிச்சா நல்லதுதானே?

மேலே முழுதாக எழுதியிருக்கிறேன். திறக்காதீர்கள்.

தேன்மொழி: முப்பது புத்தகம் ஏற்கெனவே திறந்துட்டேன். ஸ்காலர்ஸ் இன்சைட் வாங்கிட்டு மறுபடி படிச்சா இரண்டாவது புள்ளி வருமா?

வராது. மீதி அறுபதைக் காப்பாற்றுங்கள்.

சுமைதாங்கி: ஹார்த்ஃபயர் டிஎல்சியில் நூலகம் கட்டலாமா அண்ணா?

கட்டலாம். நிலம் 5,000 பொற்காசு. கிழக்குச் சிறகில் நூலகம், ஆயுத அறை, சமையலறை மூன்றில் ஒன்றுதான் கட்ட முடியும், கட்டிய பின் மாற்ற முடியாது. முடிவெடுக்கும் முன் சேவ் செய்துவிடுங்கள். அலமாரிகள் தானாக வராது, உள்ளே இருக்கும் பணிமேசையில் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். மரக்கட்டையும் ஆணியும் கூடுதலாகவே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.