பழைய முகம், புதிய மெஷின்: டியூடர் பிளாக் பே ஃபிஃப்டி எய்ட் கைக்கடிகாரம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: இந்த வாட்சை 2019-ல் வாங்கினேன். அப்போது ஒரு நாளைக்கு 2 விநாடிதான் முந்தியது. இப்போது 11 விநாடி. இரவில் ஸ்பீக்கர் அருகில் வைப்பது வழக்கம். காந்தம் ஏறிவிட்டதா?

பதில்: காந்தத்தை முதலில் சந்தேகிக்க வேண்டாம். இதிலுள்ள எம்டி 5402 மெஷினின் ஹேர்ஸ்பிரிங் (வேகத்தைத் தீர்மானிக்கும் மெல்லிய சுருள்) சிலிக்கானால் ஆனது. அதில் காந்தம் ஏறாது. ஆனாலும் 11 விநாடி அதிகம்தான். மெஷினைக் கேஸில், அதாவது வாட்சின் வெளிக்கூட்டில், பொருத்திய பிறகு நாளுக்கு 2 விநாடி பிந்தலாம், 4 விநாடி முந்தலாம் என்பது டியூடர் நிறுவனத்தின் சொந்த அளவு.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். 30 முதல் 40 சுற்று சாவி கொடுத்து, மொபைல் நேரத்துக்குச் சரிசெய்து, டயல் மேலே பார்க்கும்படி 24 மணி நேரம் வையுங்கள். வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி முழுச் சாவி கொடுங்கள். அடுத்த நாள் கிரவுன் (சாவி கொடுக்கும் திருகு) கீழே இருக்கும்படியும், அதற்கடுத்த நாள் டயல் கவிழ்ந்தபடியும் வைத்துப் பாருங்கள். தினமும் முழுச் சாவி அவசியம்; சாவியின் விசையைச் சேமிக்கும் மெயின் ஸ்பிரிங் தளர்ந்தால், இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் பாலன்ஸ் வீலின் வீச்சு குறைந்து கணக்கு மாறிவிடும்.

மூன்று நிலையிலும் ஏறக்குறைய ஒரே அளவு முந்தினால், வேகத்தைச் சரிசெய்தாலே போதும். ஒரு நிலையில் 2, இன்னொன்றில் 15 என்று தாறுமாறாக இருந்தால் எண்ணெய் வற்றியிருக்கலாம், அல்லது அடிபட்டிருக்கலாம்; முழு சர்வீஸ் வேண்டும். முழுச் சாவியில் 70 மணி நேரம் ஓட வேண்டியது 50-லேயே நின்றுவிட்டாலும் அதே முடிவுதான். கடையில் டைம்கிராஃபரில் (டிக் சத்தத்தைக் கேட்டு வேகத்தையும் வீச்சையும் காட்டும் கருவி) வைக்கும்போது, வீச்சைக் கணக்கிட உதவும் லிஃப்ட் ஆங்கிள் என்ற கோண அளவை இந்த மெஷினுக்கு உரியதாக மாற்றினார்களா என்று கேளுங்கள். கருவியில் வழக்கமாக இருக்கும் 52 டிகிரியை அப்படியே விட்டால், காட்டும் வீச்சை நம்ப முடியாது.

சிலிக்கான் ஸ்பிரிங்கை இடுக்கியால் வளைத்துச் சரிசெய்ய முடியாது, உடைந்துவிடும். பல பிராண்டுகள் பயன்படுத்தும் ஈடிஏ நிறுவன மெஷின்களுக்கு உதிரி பாகம் வெளியில் கிடைப்பதுபோல் இதற்குக் கிடைக்காது. அதனால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையமே நல்லது.

கேள்வி: 200 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது என்று போட்டிருக்கிறதே, குளிக்கும்போது கழற்ற வேண்டுமா?

பதில்: வெந்நீரும் சோப்பும் இருக்கும் இடத்தில் கழற்றுங்கள். தண்ணீரைத் தடுப்பது ரப்பர் வளையமான கேஸ்கெட்தான். சூடும் சோப்பும் அதைக் கெடுக்கும், வயதும் கெடுக்கும். நேரம் சரியாக ஓடுகிறதே என்று இருந்துவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை மட்டும் செய்துகொள்ளுங்கள்.

கிரவுனை மூடுவதற்கும் ஒரு முறை உண்டு. லேசாக அழுத்தியபடி முதலில் இடப்பக்கம் திருப்புங்கள். மரை சேரும் இடம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருகுங்கள். முரண்டு பிடித்தால் பலம் கொடுக்காதீர்கள், மரை தேய்ந்துவிடும்.

கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தால் அரிசியில் புதைத்து வைத்துக் காலம் கடத்தாமல் அன்றே சர்வீஸுக்குக் கொடுங்கள். சாவி கொடுக்கும் பகுதியில் உள்ள எஃகு பாகங்களில் துரு வெகு சீக்கிரம் பிடிக்கும்.

கேள்வி: டியூடரின் 1958-ம் ஆண்டு டைவிங் வாட்சான சப்மரினரின் சாயலுக்காகத்தான் வாங்கினேன். 20 வருடம் கட்டினால் பழைய வாட்ச் மாதிரியே நிறம் மாறுமா? கீறல்களை பாலிஷ் செய்யலாமா?

பதில்: ஓரளவுதான் மாறும். பெசலில் (கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம்) உள்ள தட்டு சாயமேற்றிய அலுமினியம். வெயிலில் மெல்ல வெளுக்கலாம், கீறலும் விழும். இருட்டில் ஒளிரும் பூச்சு வேறு கதை. பழைய வாட்சுகளின் டயலில் இருந்தது ரேடியம், பிறகு ட்ரிட்டியம். இன்றைய பூச்சான சூப்பர் லூமிநோவா கதிரியக்கம் இல்லாதது. அவற்றைப்போலப் பழுப்பேறும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பாலிஷ் வேண்டவே வேண்டாம். கேஸின் மேல்பக்கம் மங்கலான கோடுகள், பக்கவாட்டில் பளபளப்பு, இரண்டுக்கும் நடுவே சீவிய கூர்மையான விளிம்பு: இந்த வாட்சின் அழகே அங்கேதான் இருக்கிறது. இரண்டு முறை பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தால் விளிம்பு மழுங்கிவிடும். போன உலோகம் திரும்பாது, கீறலோடு வாழலாம். சர்வீஸ் படிவத்தில் ‘பாலிஷ் வேண்டாம், முள், பெசல், டயல் எதையும் கேட்காமல் மாற்றக் கூடாது’ என்று எழுதி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். எதையாவது மாற்றியே ஆக வேண்டுமென்றால், கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர முடியுமா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கட்டாதபோது வாட்சைச் சுழற்றி ஓடவைக்கும் வைண்டர் வாங்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. இதில் தேதி கிடையாது. நின்றால் சாவி கொடுத்து நேரம் வைத்தால் முடிந்தது.

கேள்வி: செயின் இடுக்கில் கறுப்பாக அழுக்கு சேர்கிறது. ஒரு ஸ்க்ரூவும் தளர்ந்து வெளியே வந்தது.

பதில்: வியர்வை உப்பும் தூசும் சேர்ந்த அந்தப் பசை இணைப்புகளைத் தேய்க்கும். மாதம் ஒருமுறை செயினைத் தனியே கழற்றி, வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, அலசி நன்றாகக் காயவிடுங்கள். கழற்றும் முன் கேஸின் கால்களில் (செயின் மாட்டும் முனைகள்) டேப் ஒட்டிவிட்டால் கீறல் விழாது.

பக்கத்தில் ரிவெட் போலத் தெரிவது அலங்காரம். கழற்றக்கூடிய கண்ணிகளைப் பிடித்திருப்பது ஸ்க்ரூதான். மரையைத் துடைத்து, ஊதா நிற லாக்டைட் 222 (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஊசிமுனை அளவு வைத்து இறுக்குங்கள். நீல நிற லாக்டைட் அதைவிடப் பலமானது. அதை வைத்தால் அடுத்த முறை கழற்றும்போது ஸ்க்ரூவின் தலை சிதையலாம். கேஸில் செயினைத் தாங்கும் 20 மி.மீ. ஸ்பிரிங் பார்களை (ஸ்பிரிங் வைத்த சிறு கம்பிகள்) இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். விலை சொற்பம், அது முறிந்தால் வாட்ச் தரையில்.