க்யூவின் முன்னால் ஒரு சாண்

அன்புள்ள சார்,

கோவையில் இருக்கிறேன். சில வருடங்களாக ஸ்னூக்கர் ஆடுகிறேன். பார்லர் க்யூவிலேயே (பந்தை அடிக்கும் கோல்) பழகியவன், போன வருடம் சொந்தமாக ஒன்று வாங்கினேன். ஆஷ் மரம், எபனி பட் (கைப்பிடிப் பக்கம்), கையால் ஸ்ப்ளைஸ் செய்தது (இரு மரங்களையும் ஒட்டி இணைத்தது), முக்கால் ஜாயின்ட் (முக்கால் நீளத்தில் கழற்றும் இணைப்பு), 10 மி.மீ. டிப் (பந்தைத் தொடும் நுனி). நேர் அடிகள் அருமையாக விழுகின்றன. ஆனால் சைடு வைத்து (பந்தின் மையத்தை விட்டுப் பக்கவாட்டில் அடித்து) நீளமான பாட் (பந்தைக் குழியில் போடும் அடி) அடித்தால் பழைய பார்லர் க்யூவைவிட அதிகம் தவறுகிறது. மேப்பிளுக்கு மாறச் சொல்கிறார் ஒரு நண்பர். ஜாயின்ட்தான் காரணம், இணைப்பே இல்லாத ஒன் பீஸ் வாங்கு என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் எல்லாம் மனப்பிரமை என்கிறார். க்யூ செய்யப்பட்ட விதம் உண்மையிலேயே ஆட்டத்தை மாற்றுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாற்றும். ஆனால் பந்துக்குப் போய்ச் சேருவது ஒன்று, உங்கள் கைக்கு வந்து சேருவது இன்னொன்று. நண்பர்கள் மூவரும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். உங்கள் சிக்கல் பந்தைப் பற்றியது. அதை முதலில் பார்ப்போம்.

டிப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஓரிரு மில்லிசெகண்ட்தான். வலது சைடு வைத்து அடிக்கிறீர்கள் என்றால், அந்த நேரத்துக்குள்ளேயே பந்து சுழலத் தொடங்கி, டிப்பைப் பக்கவாட்டில் நெட்டுகிறது. க்யூவின் முனை எளிதாக விலகிக்கொடுத்தால் தொல்லை இல்லை. முனை கனமாக இருந்து விலக மறுத்தால், அந்த நெட்டல் பந்தின் மேலேயே திரும்புகிறது. பந்து நீங்கள் குறிவைத்த கோட்டை விட்டு இடப்பக்கம் கிளம்புகிறது. இதைத்தான் ஆட்டக்காரர்கள் த்ரோ என்கிறார்கள். டிப்பில் தொடங்கிய பக்கவாட்டு வளைவு, பந்து பிரிவதற்குள் பின்னோக்கி ஒரு சாண் தூரம் போனாலே அதிகம். ஆகவே த்ரோவைத் தீர்மானிப்பது அந்த முன் ஒரு சாணின் எடை. பட் எபனி மரமா ஈட்டி மரமா, நடுவில் ஜாயின்ட் இருக்கிறதா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் ஏறக்குறைய வருவதே இல்லை. அமெரிக்காவில், ஸ்னூக்கரைப் போன்ற பூல் ஆட்டத்துக்கு க்யூ செய்யும் ப்ரெடேட்டர் நிறுவனம் 1990களில் ஷாஃப்டின் (க்யூவின் முன் தண்டு) முனையை உள்ளே குடைந்து எடையைக் குறைத்தது இதற்காகத்தான்.

ஸ்னூக்கரில் இது இன்னும் கூர்மையான விஷயம். பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ., ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ. சின்னப் பந்து, எடை குறைவு, அதனால் எளிதில் தள்ளப்படும். பூல் டிப் 12, 13 மி.மீ. இருக்க, ஸ்னூக்கர் டிப் 9, 10 மி.மீ. அளவில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் 10 மி.மீ. முனையை 9.5 மி.மீ. முனையோடு ஒப்பிட்டால், அரை மி.மீ. தானே என்று தோன்றும். ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பு, அதாவது அந்த இடத்தின் எடை, சுமார் 11 சதவீதம் கூடுகிறது. விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால் அது சுமார் 23 சதவீதம் கூடுகிறது. நேர் அடிகள் உங்களுக்கு அருமையாக விழுவதில் அந்த விறைப்புக்கும் பங்கு இருக்கலாம். சைடு வைக்கும்போது அதே முனையின் எடைதான் எதிராக நிற்கிறது. டிப்புக்கு அடியில் இருக்கும் பித்தளை வளையமான ஃபெரூலையும் மறக்க வேண்டாம். பித்தளை தண்ணீரைப்போல எட்டரை மடங்கு அடர்த்தி. டைட்டானியம் அதில் ஏறக்குறைய பாதி. ஃபெரூல் நீளமாக இருந்தால் அந்த எடை இன்னும் கூடும்.

பார்லர் க்யூ ஏன் பரவாயில்லாமல் இருந்தது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கலாம். பார்லரில் ஒவ்வொரு முறை டிப் மாற்றும்போதும் உப்புத்தாள் போடுவார்கள். வருடக்கணக்கில் தேய்ந்து தேய்ந்து முனை மெலிந்துவிடும். அந்த மெலிந்த முனைக்கு எவ்வளவு விலக்கிக் குறிபார்க்க வேண்டும் என்று உங்கள் கண் பழகியிருக்கிறது. புதிய க்யூ வேறு அளவு கேட்கிறது.

ஊகத்தை விட்டுவிட்டுச் சோதித்துப் பாருங்கள். வெள்ளைப் பந்தைப் பிரவுன் ஸ்பாட்டில் (பிரவுன் பந்து வைக்கும் புள்ளி) வையுங்கள். ப்ளூ, பிங்க், பிளாக் ஸ்பாட்டுகள் மூன்றும் அதே நேர்கோட்டில் இருக்கும், எதிர்க் குஷன் (மேசையின் ரப்பர் ஓரம்) ஒன்பதே கால் அடி தூரத்தில். க்யூவை அந்தக் கோட்டுக்கு இணையாகவே வைத்து, ஒரு டிப் அகலம் வலப்பக்கம் நகர்த்தி அடியுங்கள். கொஞ்சம் வேகமாக, முடிந்தவரை க்யூவைத் தட்டையாக வைத்து அடிக்க வேண்டும். மெதுவாக அடித்தால் பந்து வளைந்து திரும்பி வந்து கணக்கைக் கெடுக்கும். மையத்திலிருந்து எவ்வளவு இடப்பக்கம் தள்ளிக் குஷனைத் தொடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் க்யூவில் பத்து அடி, பார்லர் க்யூவில் பத்து அடி. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

சரி, அப்படியானால் மரமும் ஸ்ப்ளைஸும் வெறும் அலங்காரமா? நிச்சயமாக இல்லை. முன்னோக்கித் தள்ளுவதில் க்யூவின் முழு எடையும் சேர்கிறது. சமநிலைப் புள்ளி எங்கே விழுகிறது என்பது அடிப்பதற்கு முன்பே வேலை செய்கிறது. 17, 18 அவுன்ஸ் க்யூவில் அது பின்முனையிலிருந்து 16 முதல் 18 அங்குலத்தில் இருப்பது வழக்கம். முன்னால் தள்ளிப்போனால் மேசைமேல் பாலம்போல ஊன்றி க்யூவைத் தாங்கும் கையில் பாரம் ஏறும், கோடு பிசகாமல் போகும், ஆனால் நுணுக்கமான மெல்லிய அடிக்குக் கை மந்தமாகும். கையால் செய்யும் ஸ்ப்ளைஸில் ஷாஃப்டின் ஆஷ் மரமே பின்முனை வரை ஓடுகிறது. அதை நான்கு பக்கமும் சரிவாகச் சீவி, எபனிப் பலகைகளை ஒட்டி, பிறகு உருட்டிச் செதுக்குகிறார்கள். நான்கு முனைகளும் வளைந்து முடிவது அதனால்தான். இயந்திர ஸ்ப்ளைஸில் இரண்டு மரங்களும் பல்பல்லாகக் கோத்து நிற்கும், முனைகள் கூராக இருக்கும். நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமான எபனியை எவ்வளவு, எங்கே வைப்பது என்ற பிடி கையால் செய்பவருக்கு அதிகம். நல்ல க்யூ கையில் எடுத்ததுமே சரியாக உட்காருவதற்கு இந்த உழைப்பு ஒரு பெரிய காரணம். எனக்கு அந்த வேலைப்பாட்டின் மேல் மிகுந்த மரியாதை உண்டு.

ஆஷ், மேப்பிள் விஷயத்தில் நான் ஆஷ் பக்கம். குனிந்து பார்க்கும்போது அதன் அம்புக்குறி ரேகைகள் கண்ணை நேர்ப்படுத்துகின்றன. மேப்பிள் நெருக்கமான ரேகை கொண்டது, வழவழப்பானது. ரேகைகளால் கவனம் சிதறுபவர்களுக்கு அது நல்லது. ஆஷ் வாங்கும்போது பலர் ரேகைகள் நெருக்கமாக இருப்பதைத் தேடுகிறார்கள். அழகுக்குச் சரி. ஆனால் ஆஷ் போன்ற மரங்களில் ஒவ்வொரு வருட வளையத்தின் தொடக்கப் பகுதியும் துளை நிறைந்தது. வளையங்கள் மிக நெருங்கினால் அந்தத் துளைப் பகுதியின் பங்கு கூடி, மரம் லேசாகவும் பலம் குறைந்தும் போகும். விறைப்பு வேண்டுமென்றால் ஓரளவு அகன்ற ரேகையே நல்லது.

ஜாயின்ட் இறுக்கமாக இருக்கும்வரை அதைப் பற்றிக் கவலை வேண்டாம். தளர்ந்தால் அடிக்கும்போதே ஒரு மெல்லிய 'டக்' கேட்கும், கையில் செத்த உணர்வு வரும்.

இனி அந்த மூன்றாம் நண்பர். அடியின் அதிர்வு கைக்கு எட்டி, மூளை அதை உணர்ந்து, கை ஏதாவது செய்வதற்கு நூறு மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். பந்து அதற்குள் போய்விட்டது. அதனால் உணர்வு பொய் என்று அவர் நினைக்கலாம். ஆனால் இந்த அடி எப்படிப் பட்டது என்று சொல்லி அடுத்த அடியைத் திருத்த வைப்பது அந்த உணர்வுதான். எப்போதும் ஒரே மாதிரி பேசும் க்யூவில்தான் கை கற்றுக்கொள்ளும். ஸ்னூக்கர் வீரர் ஸ்டீபன் ஹெண்ட்ரி 1990 முதல் 1999 வரை ஏழு உலகப் பட்டங்கள் வென்றது பழைய ஆட்டக்காரர் ரெக்ஸ் வில்லியம்ஸ் பெயர் போட்ட, கடையில் கிடைக்கும் மலிவான க்யூவில். 2003இல் விமானப் பயணத்தில் அது உடைந்தபோது, அந்த இழப்பு ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் புரிந்தது. அத்தனை வருடம் கை பழகிய க்யூ கடையில் கிடைக்காது.

எனவே உங்கள் க்யூவை விற்க வேண்டாம். சோதனையில் த்ரோ அதிகம் என்று தெரிந்தால், விவரமறிந்த ஒருவரிடம் கொடுத்து முனையை 9.5 மி.மீ.க்கு இறக்குங்கள். ஃபெரூலும் அதற்கேற்ற சிறியதாகப் போட வேண்டும், முன் ஒரு சாண் மட்டும் மெல்லச் சரிய வேண்டும். நீங்களே உப்புத்தாளை எடுத்துவிடாதீர்கள். போன மரம் திரும்பாது. 9க்குப் போகவும் வேண்டாம், பவர் அடிகளில் முனை துவளும். டிப் காளான்போல ஓரம் பிதுங்கியிருந்தால் அதையும் அப்போதே மாற்றுங்கள். பிறகு ஒரு மாதம் வேறு க்யூவைத் தொடாமல் ஆடிவிட்டு, அதே பிரவுன் ஸ்பாட் சோதனையை மறுபடி செய்து எனக்கு எழுதுங்கள். மேப்பிள் பற்றி அப்புறம் பேசலாம்.