ஓடிடி சந்தாவில் விலை மட்டும்தான் மாறுகிறதா? கேள்வி பதில்

காணொளிச் சேவைகளின் திட்டங்களும் கட்டணங்களும் மாறுவது குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, சந்தாக் கணக்குகளைக் கையாளும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

மேகலா: வணக்கம் ஐயா. அடுத்த மாதம் முதல் கட்டணம் உயர்கிறது என்று எனக்கு மின்னஞ்சல் வந்துள்ளது. அதே சேவையில், அதே திட்டத்தில் இருக்கும் என் தம்பிக்கு எதுவும் வரவில்லை. ஒரே திட்டத்துக்கு இரண்டு விலை இருக்க முடியுமா?

பதில்: இருக்க முடியும் அம்மா. புதிய விலை பெரும்பாலும் முதலில் புதிதாகச் சேர்வோருக்குத்தான் நடைமுறைக்கு வரும். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அவரவர் சந்தா புதுப்பிக்கப்படும் நாளை ஒட்டிப் பகுதி பகுதியாக வந்து சேரும். சில வேளைகளில் இந்த இடைவெளி மிக நீண்டதாகவும் இருக்கும். 2014இல் நெட்ஃபிளிக்ஸ் அமெரிக்காவில் விலையை உயர்த்தியபோது, அப்போதைய சந்தாதாரர்களுக்கு இரண்டு ஆண்டுகள் பழைய விலையையே வைத்திருந்து, 2016இல்தான் அந்தச் சலுகையை விலக்கத் தொடங்கியது. உங்கள் தம்பி ஆண்டுச் சந்தா செலுத்தியிருந்தால், செலுத்திய காலம் முடியும்வரை பொதுவாக அவரைப் புதிய விலை தொடாது. அவர் தொலைபேசி நிறுவனம் வழியாகவோ செயலி அங்காடி வழியாகவோ பணம் கட்டுபவராக இருந்தால், அறிவிப்பு அந்த வழியாகவே வரும். அதன் தேதியும் வேறுபடலாம்.

ஆகவே இருவரும் கணக்குப் பக்கத்தைத் திறந்து அடுத்த வசூல் எந்த நாளில், எவ்வளவு, பணத்தை எடுப்பது யார் என்று பாருங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான குழப்பங்கள் இவற்றுக்கு விடை தெரிந்த உடனேயே தீர்ந்துவிடும்.

செல்வம்: அப்படி வரும் மின்னஞ்சலிலேயே ‘இங்கே சொடுக்கி உறுதிசெய்யவும்’ என்று இருக்கிறது. சொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். விலை மாற்றச் செய்தி ஊடகங்களில் வந்த கையோடு போலி மின்னஞ்சல்களும் கிளம்பிவிடும். செயலியையோ தளத்தையோ நீங்களே திறந்து உள்ளே போய்ப் பாருங்கள்; மெய்யான மாற்றம் என்றால் அங்கேயும் தெரியும்.

கலைவாணி: இப்போது விற்பனையிலேயே இல்லாத பழைய, மலிவான திட்டம் ஒன்றில் இருக்கிறேன். புதிய திட்டத்துக்கு மாறும்படி அடிக்கடி அழைப்பு வருகிறது. மாறலாமா?

பதில்: புதிய திட்டத்தில் உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுவது ஏதாவது இருந்தால் ஒழிய மாற வேண்டாம் என்பதே என் கருத்து. விற்பனை நிறுத்தப்பட்ட திட்டத்தை விட்டு ஒருமுறை வெளியே வந்தால், அநேகமாக மீண்டும் உள்ளே போக முடியாது. நெட்ஃபிளிக்ஸ் 2023இல் கனடா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் விளம்பரமில்லாத தனது ‘பேசிக்’ திட்டத்தைப் புதியவர்களுக்கும் விட்டுப்போய்த் திரும்பி வருபவர்களுக்கும் மூடியது. உள்ளே இருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்றது. அந்த அனுமதியும் நிலைக்கவில்லை. 2024இல் கனடாவிலும் பிரிட்டனிலும் தொடங்கி, இருந்தவர்களிடமிருந்தும் அத்திட்டத்தைத் திரும்பப் பெற்றது. பழைய திட்டம் பட்டாப் போட்டுக் கொடுத்த நிலம் இல்லை. இருக்கும்வரை அனுபவிக்கலாம், அவ்வளவுதான்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கண்ணி உண்டு. உங்கள் வங்கி அட்டை காலாவதியாகிக் கட்டணம் வசூலாகாமல் போய், அதனால் சந்தா ரத்தானாலும், மீண்டும் சேரும்போது நீங்கள் புதியவராகவே கருதப்படலாம். பழைய திட்டத்தில் இருப்பவர்கள் புதிய அட்டை கைக்கு வந்த அன்றே கணக்கில் அதைப் பதிந்துவிடுவது நல்லது.

இளங்கோ: விளம்பரத்துடன் கூடிய திட்டம் பாதி விலைக்குக் கிடைக்கிறது. விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் ஒன்றுதானே?

பதில்: ஒன்று அல்ல. இந்தக் கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நெட்ஃபிளிக்ஸ் 2022 நவம்பரில் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஒரு மணி நேரத்துக்கு 4 முதல் 5 நிமிடம் விளம்பரம் வரும் என்று அறிவித்தது. அத்துடன் படத் தரம் 720பி அளவிலேயே நின்றது, தரவிறக்கம் செய்ய வழியில்லை, உரிமச் சிக்கலால் சில படங்களும் தொடர்களும் அத்திட்டத்தில் தோன்றவே இல்லை. அடுத்த ஆண்டே தரம் 1080பி ஆக உயர்ந்தது, ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளில் பார்க்கலாம் என்றும் ஆயிற்று. விலை அட்டையில் ஒரே பெயரோடு இருக்கும் திட்டத்தின் உள்ளடக்கம் இப்படி எந்தத் திசையிலும் நகரலாம். எனவே சேரும் நாளன்று படத் தரம், ஒரே நேரத்தில் இயங்கும் கருவிகளின் எண்ணிக்கை, தரவிறக்கம், விடுபட்ட படங்கள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டே சேருங்கள். ஓராண்டுக்கு முன் நண்பர் சொன்னதை நம்ப வேண்டாம்.

நிறுவனங்கள் விளம்பரத் திட்டத்தை மலிவாக வைப்பதற்குக் காரணம் தாராள மனம் அல்ல. அங்கே சந்தாப் பணத்துடன் விளம்பர வருவாயும் சேர்கிறது. இரண்டையும் கூட்டினால் ஒரு சந்தாதாரரிடமிருந்து வருவது, விளம்பரமில்லாத் திட்டத்தில் வருவதை நெருங்கலாம், மிஞ்சவும் செய்யலாம். 2023 அக்டோபரில் டிஸ்னி பிளஸ் அமெரிக்காவில் விளம்பரமில்லாத் திட்டத்தின் விலையைக் கால் பங்குக்கு மேல் உயர்த்தி, விளம்பரத் திட்டத்தின் விலையில் கை வைக்காமல் விட்டது. சந்தாதாரர்களை விளம்பரத் திட்டத்தின் பக்கம் நகர்த்துவதே நோக்கம் என்பதை டிஸ்னியின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி பாப் ஐகர் மறைக்கவும் இல்லை.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. அமேசான் பிரைம் வீடியோ 2024 ஜனவரி இறுதியில், அமெரிக்காவில் ஏற்கெனவே இருந்த சந்தாவுக்குள்ளேயே விளம்பரத்தைப் புகுத்தி, அது வேண்டாம் என்போர் கூடுதலாகப் பணம் கட்டலாம் என்றது. அந்தக் கூடுதல் பணத்தைக் கட்டாதவர்களுக்கு படத்தை மெருகேற்றும் டால்பி விஷன், ஒலியை மெருகேற்றும் டால்பி அட்மாஸ் ஆகிய வசதிகளும் இல்லாமல் போயின. விலை அட்டையில் எண் மாறவில்லை. ஆனால் நேற்றுவரை கிடைத்த அதே அனுபவத்துக்கு இன்று கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். என் கணக்கில் இதுவும் விலை உயர்வுதான்.

தமிழரசி: விலை உயர்ந்த 4கே திட்டம் எங்கள் வீட்டுக்குத் தேவையா என்று எப்படி முடிவெடுப்பது?

பதில்: படம் எந்தத் திரையில் ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். 4கே படத்தில் 1080பி படத்தைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் இருக்கின்றன; ஆனால் கைப்பேசித் திரையிலோ, அறையின் மறுகோடியில் இருக்கும் சிறிய தொலைக்காட்சியிலோ அந்த வேறுபாட்டைக் கண் பெரும்பாலும் பிரித்தறியாது. இணைய வேகமும் வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பது 1080பி தரத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ். மணிக்கு ஏறத்தாழ 7 ஜிபி வரை தரவு செலவாகும் என்பதால், அளவு வைத்த இணைய இணைப்பு உள்ளவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கருவியின் தகுதி என்று ஒன்றும் இருக்கிறது. திருட்டுப் பதிவைத் தடுக்கும் ‘வைட்வைன்’ என்ற பாதுகாப்பு ஏற்பாட்டில் எல்1, எல்3 என்று நிலைகள் உண்டு; எல்1தான் உயர்ந்தது. எல்3 மட்டும் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியில், நீங்கள் எவ்வளவு விலை உயர்ந்த திட்டத்தில் இருந்தாலும், பல சேவைகள் 480பி அளவுக்கு மேல் படத்தை அனுப்புவதில்லை. திட்டம் மாற்றியும் படம் தெளிவாகவில்லை என்று புலம்புபவர்களில் சிலருக்குச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கைப்பேசியில் எந்த நிலை இருக்கிறது என்று காட்டும் இலவசச் செயலிகள் கிடைக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் சில வீடுகளுக்கு உயர்ந்த திட்டமே பொருந்தும். காரணம் 4கே அல்ல, அதனோடு வரும் நான்கு இணைப்புகள், அதாவது ஒரே நேரத்தில் நான்கு கருவிகளில் பார்க்கும் வசதி. படத் தரத்தையும் இணைப்புகளின் எண்ணிக்கையையும் ஒரே கட்டாகக் கட்டி விற்பதால், ஒன்று மட்டும் தேவைப்படுபவரும் இரண்டுக்கும் பணம் கட்ட நேர்கிறது.

முருகவேள்: வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கு என் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தேன். இப்போது ‘இந்தக் கருவி உங்கள் வீட்டைச் சேர்ந்தது அல்ல’ என்று வருகிறது. எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நான் என்ன செய்யலாம்?

பதில்: ஐபி முகவரி எனப்படும் இணைய இணைப்பின் எண், கருவிக்குரிய அடையாள எண், கணக்கில் நடக்கும் செயல்பாடு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, எந்தக் கருவிகள் ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்று கணிக்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் 2023 பிப்ரவரியில் கனடா, நியூசிலாந்து, போர்ச்சுகல், ஸ்பெயின் ஆகிய நாடுகளிலும், மே மாதத்தில் அமெரிக்கா உள்ளிட்ட மேலும் பல நாடுகளிலும் இக்கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்தியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்பது வேறு, எத்தனை வீடு என்பது வேறு. நான்கு இணைப்புள்ள திட்டத்தில் இருந்தாலும் அந்த நான்கும் ஒரே வீட்டுக்குள் என்பதே இன்றைய பொருள்.

உங்கள் சேவையில் ‘கூடுதல் உறுப்பினர்’ வசதி இருந்தால், அதன் கட்டணத்தையும் மகள் தனியாக ஒரு விளம்பரத் திட்டம் எடுத்தால் ஆகும் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு சிறிதாக இருந்தால் தனிக் கணக்கே மேல். பார்த்து வந்த தொடர்களின் விவரத்தைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளும் வசதியைச் சில சேவைகள் தருகின்றன. வீட்டு எல்லையைத் தந்திரமாகத் தாண்டும் வழிகளை நான் பரிந்துரைப்பதில்லை. இன்று வேலை செய்வது நாளை நின்றுவிடும், கணக்கும் முடங்கலாம்.

நிலா: ஆண்டுச் சந்தா இலாபமா, மாதச் சந்தா இலாபமா?

பதில்: ஆண்டுத் தொகையை மாதத் தொகையால் வகுத்துப் பாருங்கள். விடை பத்து என்று வந்தால், ஆண்டில் பத்து மாதங்களுக்கு மேல் அந்தச் சேவையைப் பார்ப்பவருக்கு மட்டுமே ஆண்டுச் சந்தா இலாபம். ஒன்றிரண்டு தொடர்களுக்காக மட்டும் சேர்பவர்கள், தொடர் முழுவதும் வெளியான பிறகு ஒரு மாதம் சேர்ந்து பார்த்துவிட்டு விலகுவதே சிக்கனம். விலை உயர்வு அறிவிக்கப்பட்டு இன்னும் நடைமுறைக்கு வராத நாட்களில், எப்படியும் தொடரப்போகிறவர்கள் பழைய விலையில் ஆண்டுச் சந்தாவைக் கட்டிவைப்பதும் நல்ல வழி. நான் இதில் சொல்லும் ஒரே தயக்கம், இடையில் விளம்பரம் நுழைந்தாலும் பிடித்த படங்கள் நீங்கினாலும் கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பாது என்பதே.

அன்வர்: தொலைபேசித் திட்டத்துடன் ஒரு சேவை இலவசமாக வருகிறது. தனிச் சந்தாவும் ஓடிக்கொண்டிருக்கிறது. தானாக நின்றுவிடுமா?

பதில்: பல சேவைகளில் நிற்காது, இரண்டும் இணையாக ஓடும். தனிச் சந்தாவை நீங்களே ரத்து செய்ய வேண்டும். அதற்கு முன், இலவசமாக வருவது அதே தரத்திலான திட்டம்தானா, கைப்பேசிக்கு மட்டும் உரியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயந்தி: என் ஒப்புதல் இல்லாமலேயே விலையை உயர்த்த அவர்களுக்கு உரிமை உண்டா?

பதில்: இது நாட்டுக்கு நாடு வேறுபடும். சேரும்போது நாம் ஏற்றுக்கொள்ளும் விதிமுறைகளில் ‘முன்னறிவிப்புடன் விலையை மாற்றலாம்’ என்ற பிரிவு அநேகமாக எல்லாச் சேவைகளிலும் இருக்கும். அறிவிப்புக்குப் பிறகும் விலகாமல் இருந்தால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள் கொள்வார்கள். ஆனால் அந்தப் பிரிவே செல்லுமா என்று கேட்ட நீதிமன்றங்களும் உண்டு. 2023 நவம்பரில் பெர்லின் உயர் நீதிமன்றம், நெட்ஃபிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை ஆகிய இரண்டின் விதிமுறைகளிலும் இருந்த விலை மாற்றப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. செயலி அங்காடிகளுக்கும் தனி விதிகள் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2022 வரை, விலை உயர்ந்தால் சந்தாதாரர் ஒப்புக்கொண்டால் மட்டுமே புதுப்பிக்கும். அவ்வாண்டு மே மாதத்திலிருந்து, குறிப்பிட்ட வரம்புக்குள் ஆண்டுக்கு ஒருமுறை செய்யப்படும் உயர்வுக்கு அறிவிப்பே போதும் என்று மாற்றிக்கொண்டது. ஆகவே அங்காடி வழியாகச் சேர்ந்தவர்கள், அது நம்மைக் கேட்காமல் எடுக்காது என்று இப்போது இருந்துவிட முடியாது.

பாரி: நிறுவனங்கள் ஏன் ஆண்டுதோறும் விலையை உயர்த்திக்கொண்டே இருக்கின்றன? ஆட்கள் போய்விடுவார்கள் என்ற அச்சம் இல்லையா?

பதில்: ஒரு காலத்தில் இருந்தது. 2011இல் நெட்ஃபிளிக்ஸ், டிவிடி வாடகையையும் இணையவழிக் காட்சியையும் தனித்தனித் திட்டங்களாகப் பிரித்தபோது, இரண்டும் வேண்டியவர்களுக்குச் செலவு ஏறத்தாழ 60 விழுக்காடு கூடியது. ஒரே காலாண்டில் அமெரிக்காவில் சுமார் 8 லட்சம் சந்தாதாரர்கள் விலகினார்கள். அதன்பின் உயர்வுகள் சிறிது சிறிதாகவே வந்தன. 2022இன் முதல் பாதியில் அதன் சந்தாதாரர் எண்ணிக்கை இரண்டு காலாண்டுகள் தொடர்ந்து குறைந்தது திருப்புமுனை ஆயிற்று. புதியவர்களைச் சேர்ப்பது கடினமானபோது, இருப்பவர்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் வரும் வருவாயைக் கூட்டுவதில் கவனம் திரும்பியது. விளம்பரத் திட்டமும் கடவுச்சொல் கட்டுப்பாடும் அதை ஒட்டி வந்தவையே. 2025 முதல் அந்நிறுவனம் காலாண்டுதோறும் சந்தாதாரர் எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது.

சரவணன்: செயலியை நீக்கிவிட்டேன். ஆனாலும் பணம் போய்க்கொண்டிருக்கிறது.

பதில்: செயலியை நீக்குவது சந்தாவை நீக்குவது ஆகாது. எங்கே சேர்ந்தீர்களோ அங்கேதான் ரத்து செய்ய வேண்டும்: தளத்தில் சேர்ந்திருந்தால் தளத்தில், அங்காடி வழியாக என்றால் அங்காடியின் சந்தாப் பட்டியலில். ரத்து செய்த பிறகு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள். இடையில் வரும் ‘சலுகை விலையில் தொடரவா’ போன்ற பக்கங்களோடு பலர் நின்றுவிடுகிறார்கள். விலகும் வழியைச் சிக்கலாக்குவது உலகெங்கும் உள்ள புகார்தான். பிரைம் உறுப்பினர் திட்டத்தில் சம்மதமின்றிச் சேர்த்ததாகவும் விலகுவதைக் கடினமாக்கியதாகவும் அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், அமேசான் தவறை ஒப்புக்கொள்ளாமல், 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது.

வளர்மதி: மாத நடுவில் மலிவான திட்டத்துக்கு மாறினால் மீதிப் பணம் திரும்ப வருமா?

பதில்: பொதுவாக வராது. உயர்ந்த திட்டத்துக்கு மாறினால் உடனே நடைமுறைக்கு வரும், வித்தியாசத் தொகையும் அப்போதே கணக்கிடப்படும். கீழே இறங்கினால் அடுத்த வசூல் நாளிலிருந்துதான் மாறும், அதுவரை கட்டிய திட்டத்தின் வசதிகள் தொடரும். எனவே இறங்க முடிவு செய்துவிட்டால் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே மாற்றிவையுங்கள், சில சேவைகள் புதுப்பிப்பு நாளுக்குச் சில மணி நேரம் முன்பே பணத்தை எடுத்துவிடுகின்றன.