இது நோயும் இல்லை, பாவமும் இல்லை

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் மகனுக்கு 13 வயது. இரண்டு மாதங்களாக அதிகாலையில் எழுந்து தன் படுக்கை விரிப்பைத் தானே துவைக்கிறான். கேட்டால் பதில் இல்லை. சபையில் பிள்ளைகளை முழு அங்கத்தினராக்கும் திடப்படுத்தல் வகுப்பு தொடங்கியிருக்கிறது. "நான் அசுத்தமானவன், வரமாட்டேன்" என்று அழுகிறான். சனிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறான். தூக்கத்தில் விந்து வெளியேறினால் நரம்புத் தளர்ச்சி வரும், பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று தொலைக்காட்சியில் ஒரு வைத்தியர் சொல்கிறார். போதகரிடம் அனுப்பலாம் என்கிறார் என் கணவர். இது நோயா, பாவமா? யார் பேசுவது? மகளுக்கு 10 வயது. அவளுக்கும் இப்போதே ஏதாவது சொல்ல வேண்டுமா?
– ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகனுக்கு எந்த நோயும் இருப்பதாகத் தெரியவில்லை. அவன் பாவம் எதுவும் செய்யவும் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை எதைச் செய்திருக்க முடியும்?

ஆண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் தொடங்கும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இரவுத் தூக்கத்தில் ஹார்மோன்களை விட்டு விட்டுச் சுரக்கிறது. அவை விதைகளை (விரைகளை)த் தூண்டுகின்றன. விதைகள் வளர்கின்றன, டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் கூடுகிறது, குரல் உடைகிறது, முகப்பரு வருகிறது. வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டில் 8 முதல் 10 சென்டிமீட்டர் வரைகூட உயரம் கூடும். இந்தக் கட்டத்தில்தான் தூக்கத்தில் விந்து வெளியேறத் தொடங்குகிறது. சிலருக்கு வாரம் ஒருமுறை வரும், சிலருக்கு எப்போதோ ஒருமுறை, சிலருக்கு வராமலே போகும். எல்லாமே இயல்புதான். மார்புக் காம்புக்கு அடியில் சிறு கட்டிபோல் தென்பட்டாலும் பயப்பட வேண்டாம். பாதிக்கு மேற்பட்ட பையன்களுக்கு அது வந்து, பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானாக மறைகிறது.

தொலைக்காட்சி வைத்தியர் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எத்தனையோ துளி இரத்தம் சேர்ந்து ஒரு துளி விந்தாகிறது என்பது பொய். அதில் பெரும்பகுதி விந்துப் பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் திரவம். விந்தணுக்கள் மிகச் சிறிய பங்குதான். ஒருமுறை வெளியேறுவது பெரும்பாலும் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதனால் நரம்பு தளராது, ஆண்மை குறையாது, குழந்தைப் பேறு தடைபடாது. சுய இன்பத்தாலும் இவை வருவதில்லை. விந்து போய்விட்டதே என்ற பயத்தினாலேயே சோர்வும் படபடப்பும் வந்து வாடுகிறவர்களை நம் நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறார்கள். மனநல மருத்துவர் நரேந்திர நாத் விக் 1960இல் அந்நிலைக்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டார். ஆண்மைக் குறைவையும் நரம்புத் தளர்ச்சியையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது. அந்த நிகழ்ச்சி இனி உங்கள் வீட்டில் ஓட வேண்டாம்.

'அசுத்தமானவன்' என்று உங்கள் மகன் சொல்வதற்கு வருகிறேன். என் மனதை அதிகம் வருத்தியது அதுதான். அவன் லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தைத் தனியாக வாசித்திருக்கலாம், அல்லது யாராவது பாதி சொல்லியிருக்கலாம். அதை அவனோடு உட்கார்ந்து முழுவதும் வாசியுங்கள். நோயினால் வரும் கசிவு நின்ற பிறகு பலி செலுத்த வேண்டும் என்று அந்த அதிகாரம் சொல்கிறது. விந்து வெளியேறுவதற்கோ, 16ஆம் வசனத்திலிருந்து பாருங்கள், குளிக்க வேண்டும், சாயங்காலம்வரை தீட்டு, அவ்வளவுதான். பலி இல்லை, பாவநிவாரணம் இல்லை. மோசேயின் சட்டமே குற்றமாக எண்ணாத ஒன்றுக்காக ஒரு பிள்ளை உபவாசம் இருந்து அழுவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 139ஆம் சங்கீதத்தையும் லூக்கா 2ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியையும் சேர்த்து வாசியுங்கள். பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து கேள்வி கேட்டதும், பெற்றோர் தேடித் தவித்ததும், அவர் சொன்னது அவர்களுக்கு விளங்காமல் போனதும், பிறகு அவர் ஞானத்திலும் வளர்த்தியிலும் பெருகியதும் அங்கே இருக்கின்றன. வளரும் உடம்பு தேவனுக்குப் புதிதல்ல என்பது அவனுக்கு அதில் புரியும்.

சுய இன்பத்தைப் பற்றிச் சபைகளின் போதனை ஒன்றுபோல் இல்லை. உங்கள் குடும்பம் நம்புவதைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒழுக்கத்தைக் கற்றுத்தருவதற்காகப் பொய்யான மருத்துவத்தைத் துணைக்கு அழைக்காதீர்கள். கண் பார்வை போகும் என்று மிரட்டப்பட்ட பையன், அது பொய் என்று ஒரு நாள் தெரிந்துகொள்ளும்போது நீங்கள் சொன்ன மற்றவற்றையும் சந்தேகிப்பான்.

பேச வேண்டியவர் உங்கள் கணவர். எதிரே உட்கார வைத்து விசாரிப்பதுபோல் வேண்டாம். காக்ஸ் டவுன் சந்தைக்கு இருவரும் நடந்து போகும்போது பேசட்டும். "உன் வயதில் எனக்கும் இப்படித்தான் இருந்தது, தம்பி. யாரும் எனக்குச் சொல்லவில்லை, பயந்துபோனேன். இது வளர்ச்சி. நீ எந்தத் தப்பும் செய்யவில்லை" என்றால் போதும். மகன் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவன் காதில் விழுந்திருக்கும். கணவருக்கு வாய் வரவில்லை என்றால் நீங்களே பேசுங்கள். அம்மா பேசக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. போதகரிடம் போவது அதற்குப் பிறகு, அதுவும் மகன் விரும்பினால். அவன் தானாகத் துவைப்பதைத் தடுக்காதீர்கள், கேலி செய்யவும் வேண்டாம். மாற்று விரிப்பு ஒன்றை அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

தயவுசெய்து இதைப் பெண்கள் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஜெபக் குறிப்பாகப் போடாதீர்கள். நல்ல எண்ணத்தோடுதான் போடுவீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் அவன் தலையில் கைவைத்து "உனக்காக ஜெபிக்கிறோம்" என்றால், அந்தப் பிள்ளை மறுபடி உங்களிடம் வாயைத் திறக்கமாட்டான்.

சனிக்கிழமை உபவாசத்தை நிறுத்துங்கள். எலும்பும் தசையும் இத்தனை வேகமாக வளரும் வயதில் மூன்று வேளைச் சாப்பாடும், முட்டை, பயறு, பால் போன்றவையும் வேண்டும். இரவு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். இந்த வயதில் தூக்கம் வரும் நேரமே பின்னுக்குப் போகிறது. விடியற்கால ஜெபத்துக்கு எழவில்லை என்றால் சோம்பேறி என்று திட்டாதீர்கள்.

இன்னொன்றைக் கவனமாகப் பாருங்கள். திரும்பத் திரும்பக் குளிக்கிறானா? ஒரே ஜெபத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று மறுபடி மறுபடி சொல்கிறானா? "தேவன் என்னை மன்னிப்பாரா?" என்று நாள் முழுவதும் கேட்கிறானா? நீங்கள் ஆறுதல் சொன்ன பிறகும் இவை வாரக்கணக்கில் தொடர்ந்தால், அது விசுவாசக் குறைவு அல்ல. எண்ணச் சுழற்சி நோய் எனப்படும் ஓசிடியாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. ஓசூர் சாலையிலுள்ள நிமான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனி மனநலப் பிரிவு உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலும் பேசலாம். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாலும் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

அசுத்தம் என்ற உணர்வுக்குப் பின்னால் வேறு காரணமும் இருக்கலாம். யாராவது அவனைத் தொட்டார்களா, படம் காட்டினார்களா, ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்களா என்று மென்மையாகக் கேளுங்கள். உறவினரானாலும், சபையில் மதிப்புள்ளவரானாலும் விதிவிலக்கு இல்லை. அப்படி ஏதாவது இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

மகளிடம் இப்போதே சொல்லுங்கள். மார்பு வளரத் தொடங்கி இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் பெரும்பாலும் முதல் மாதவிடாய் வரும். பள்ளியில் வைத்து வந்தாலும் பயப்படாதபடி நாப்கினைக் கையில் கொடுத்து, வைக்கும் முறையைக் காட்டுங்கள். மாதவிடாயையும் தீட்டு என்று சொல்லும் லேவியராகமத்தை அவளும் ஒரு நாள் வாசிப்பாள். அதனால் மாற்கு 5ஆம் அதிகாரத்தை முன்பே சொல்லிவையுங்கள்: பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கு இருந்த பெண் தம் வஸ்திரத்தைத் தொட்டபோது இயேசு விலகவில்லை, மகளே என்றுதான் அழைத்தார்.

பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்தாலும், 13 ஆகியும் வளராவிட்டாலும், 15 ஆகியும் மாதவிடாய் வராவிட்டாலும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்பே பருவ மாற்றம் தெரிந்தாலோ, 14 ஆகியும் தெரியாவிட்டாலோ காட்ட வேண்டும். உங்கள் மகனுக்கு அந்தப் பரிசோதனை தேவையில்லை. அவனுக்கு எல்லாம் உரிய காலத்தில்தான் நடக்கிறது.