சல்லாபம் – ஒரு கடிதம்

ஐயா,

சல்லாபம் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது என்கிறார் என் நண்பர். 'சால்' என்றால் கூடமாம். துரைமார்கள் கூடத்தில் கூடி ஆடியதால் வந்த பெயராம். உண்மையா? இன்று 'கடலை போடுவது' என்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா? பிள்ளைகள் எதிரில் இந்தச் சொல்லைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

– முத்தியால்பேட்டை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புதுச்சேரிக்காரர்களோடு இது ஒரு தொல்லை. எந்தச் சொல்லைத் தட்டினாலும் உள்ளே ஒரு பிரெஞ்சுக்காரன் இருமுவான் என்று நம்புகிறீர்கள். பீரோ பிரெஞ்சுதான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர்களைச் சொல்தா என்கிறீர்களே, அதுவும்தான். சல்லாபத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்.

அது வடசொல். 'லப்' என்றால் பேசு. கச்சேரியில் ஆலாபனை, இழவு வீட்டில் பிரலாபம், எல்லாம் அந்த ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 'சம்' சேர்ந்தால் கூடிப் பேசுவது. கை படவேண்டிய அவசியமே இல்லை. (வியாபார லாபம் வேறு வேர். உங்கள் நண்பர் அதைக் கிளப்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்.)

கடலை இருக்கட்டும். எனக்குக் கோபம் அந்தக் 'கூச்சம்' மேல்தான். உல்லாசம் என்றால் களிப்பு. சுண்ணாம்பாற்றில் படகில் போனால் அது உல்லாசப் பயணம். ஆனால் கள்ளக்காதல் செய்தி எழுதுகிறவர்கள் தினமும் 'உல்லாசமாக இருந்தனர்' என்று எழுதி அந்தச் சொல்லை லாட்ஜில் அடைத்துவிட்டார்கள். அடுத்து சல்லாபம். நீங்களும் கூச்சப்பட்டுக் கதவைச் சாத்துகிறீர்கள். நல்ல சொல்லை இப்படியா கைவிடுவது?

என் அப்பா வீட்டில் அதிகம் பேசமாட்டார். பள்ளிக்கூட வாத்தியார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். கத்திரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்து, காம்பைத் திருப்பி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கடைக்கார அம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "என்னா வாத்தியாரே, கத்திரிக்கா வாங்குறியா, பொண்ணு பாக்குறியா?" என்றது.

"பொண்ணுன்னா இவ்ளோ நேரம் பாக்க உட்டுருவியா?" என்றார் அப்பா.

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவருடைய கடைவாய்ப் பல் ஒன்று விழுந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். அந்த அம்மா ஒரு கை கொத்தவரங்காயைக் கொசுறாகப் பையில் போட்டது. தராசுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அது. அதுதான் சல்லாபம். அகராதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் அம்மா ஒரு காயை அரிவாள்மணையில் பிளந்தார். உள்ளே பூராவும் விதை.

"நல்லா பேசுவாளோ?" என்றார் அம்மா, தலை நிமிராமல்.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போய்விட்டார். அன்றைக்குக் கொத்தவரங்காய்ப் பொரியல்.